அரசியல் பொருளாதாரத்தை நம்பி ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். பாளையங்கோட்டையில் எம்.ஏ. பொருளியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. 68 சதவீதம். வயது 23. அரசியல் பொருளாதாரத்தில், அதாவது மார்க்ஸ், கலெக்கி, ஸ்ராஃபா ஆகியோர் வழியில் வரும் பொருளியலில்தான் பி.எச்.டி. செய்ய ஆசை. "அதெல்லாம் கட்சிக்காரங்க படிக்கிறது. சுயஉதவிக் குழு பத்தி ஒரு ஆய்வு செஞ்சு வேலைக்குப் போற வழியப் பாரும்மா" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஐந்து வருடம் வருமானம் இல்லாமல் இருக்க எங்கள் வீட்டில் வழியில்லை. இந்தத் துறையில் ஆசிரியராக வாழ்ந்துவிட முடியுமா, சார்? எங்கே தொடங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். ஆனால் "மார்க்சியப் பொருளியலுக்கு உதவிப் பேராசிரியர் தேவை" என்று ஒரு விளம்பரம் வருமென்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் உங்களை வேலைக்கு எடுக்கப்போவது பொருளியல் ஆசிரியராகத்தான். மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியல், இந்தியப் பொருளாதாரம் என்று எது கொடுத்தாலும் நடத்த வேண்டியிருக்கும். எதை ஆராய்வது என்பது மட்டும் உங்கள் முடிவு. எனவே வேலைக்கான தகுதியை எல்லோரும் எழுதும் தேர்விலேயே எடுங்கள். ஆய்வுக் கேள்வியை யாருக்காகவும் மாற்றாதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள்தான் நடுவழியில் நிற்கிறார்கள். சிலர் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் பாடத்திட்டமே பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டு, பல ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகவே இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் வேலை கிடைக்கட்டும் என்று மனம் ஒட்டாத தலைப்பில் பட்டம் வாங்கி, பிறகு இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

"கட்சிக்காரர்கள் படிப்பது" என்ற பேச்சுக்கு இந்தத் துறை வளர்ந்த கதையே பதில். அமெரிக்காவில் 1968-இல் ஆன் ஆர்பரில் இளம் பொருளியலாளர்கள் கூடி, தீவிர அரசியல் பொருளாதாரத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஆய்விதழும் வந்தது. ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. ஹார்வர்டில் சாமுவேல் பௌல்ஸுக்கு நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டது. கென்னத் ஆரோ, லியோன்டிஃப், கால்பிரெய்த் போன்ற பெரும் பொருளியலாளர்கள் அவர் பக்கம் நின்றும் பலனில்லை. அப்போது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகம் 1973-74-இல் பௌல்ஸ், ஹெர்பர்ட் கின்டிஸ், ஸ்டீபன் ரெஸ்னிக், ரிச்சர்ட் வுல்ஃப், ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் என ஐவரை ஒரு தொகுப்பாகவே எடுத்தது. தனித்தனியாக ஐந்து துறைகளுக்குப் போயிருந்தால் ஒவ்வொருவரும் ஒதுக்கப்பட்ட ஒருவராகவே இருந்திருப்பார். ஒரே துறையில் சேர்ந்ததால் பாடத்திட்டம் எழுதவும், மாணவர்களை எடுக்கவும், ஆய்வேடுகளைத் தாங்களே மதிப்பிடவும் முடிந்தது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தத் துறை நிற்கிறது. உங்களுக்கும் அதே கணக்குதான்: துறையின் புகழைவிட, உங்கள் கேள்வியைப் புரிந்துகொள்கிறவர்கள் அங்கே இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஸ்ராஃபாவின் நூல் 1960-இல் வந்தது. சுமார் நூறு பக்கம்தான், ஆனால் உலகமே திணறிய நூல். 1963-இல் பம்பாய் வார இதழ் ஒன்றில் கிருஷ்ணா பரத்வாஜ் அதற்கு எழுதிய மதிப்புரைதான் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனது. பிறகு ஜே.என்.யு.வில் பொருளாதார ஆய்வு மற்றும் திட்டமிடல் மையத்தை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது. ஒரு கடினமான நூலை முழுதாக உள்வாங்கி எழுதும் மதிப்புரைக்கு இந்தத் துறையில் அவ்வளவு எடை இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் அதை அலட்சியம் செய்கிறார்கள்.

இனி நடைமுறை. முதலில் நெட். இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை என்பதால் ஒரு கேள்வியையும் விடக்கூடாது. பொருளியல் தாளில் மார்க்ஸுக்கு இருப்பது வளர்ச்சிக் கோட்பாடுகள் பகுதியில் ஒரு மூலை. மீதியெல்லாம் மைக்ரோ, மேக்ரோ, கணிதப் பொருளியல், புள்ளியியல், பன்னாட்டு வாணிகம், பொது நிதி, வங்கியியல். இதை வேண்டாவெறுப்பாகப் படிக்காதீர்கள். இன்றைய பாடநூல்களின் முதன்மைக் கோட்பாடான நவசெவ்வியல் கோட்பாட்டை அதன் சொந்த மொழியில் விளக்கத் தெரியாத ஒருவர் அதை விமர்சித்தால் நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால், தாலுகா அலுவலகம் தந்த மாநிலச் சாதிச் சான்று நெட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலின்படி ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். கிரீமி லேயரில் இல்லை என்பதையும் அது சொல்ல வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நாள் தாண்டிவிடும்.

நெட்டில் மேல் மதிப்பெண் எடுப்பவர்களுக்குத் தரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் உங்கள் பணக் கவலை பெருமளவு தீரும். முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. கிடைக்காவிட்டாலும் நெட் வீணில்லை. 2024 முதல் பி.எச்.டி. சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண் செல்லும்: தேர்வுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் எடை; ஓராண்டுக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) தேர்வு நடத்துகிறது, அதன் அறிவிப்பையும் கவனித்து வாருங்கள். உதவித்தொகை எதுவும் கையில் இல்லாமல் முழுநேர ஆய்வில் சேர வேண்டாம் என்பதே உங்கள் வீட்டு நிலைக்கு நான் சொல்வது. பி.எச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு. கணக்கில் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்வது? வீட்டுக்குப் பக்கம் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கீழ் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் ஆய்வு மையங்கள் உண்டு. நாகர்கோவில் வழியாக ரயிலேறினால் திருவனந்தபுரம். அங்கே உள்ளூர் என்ற பெயருள்ள பகுதியில் பொருளியலாளர் கே.என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது, பட்டம் ஜே.என்.யு. வழங்கும். தொழிலாளர், விவசாயம், முறைசாராத் தொழில் பற்றி அங்கே நீண்டகாலமாக வேலை நடக்கிறது. நம் ஊருக்கு இவ்வளவு அருகில் இருந்தும் நம் பிள்ளைகள் அதிகம் விண்ணப்பிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம், அதாவது எம்.ஐ.டி.எஸ்., தமிழ்நாட்டுக் கிராம ஆய்வுகளுக்குப் பேர்போனது. டில்லி ஜே.என்.யு. கோட்பாட்டுக்கு வலுவான இடம். வெளிநாடு என்றால் ஆம்ஹெர்ஸ்ட், நியூயார்க்கின் நியூ ஸ்கூல், லண்டனின் சோவாஸ் ஆகியவை. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலேயே முடிந்துவிடும். மூன்று பரிந்துரைக் கடிதமும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு முழுக் கட்டுரையும் கேட்பார்கள். இன்னும் ஓராண்டு தயாரிப்பு இருந்தால் முயலுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் உங்களை ஆக்குவதும் கெடுப்பதும் வழிகாட்டிதான். ஒருவரிடம் சேரும் முன் அவர் கடைசி ஐந்து ஆண்டில் எழுதியதைப் படியுங்கள். ஷோத்கங்கா தளத்தில் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். இரண்டைத் திறந்து ஆய்வுமுறை இயலுக்குப் போங்கள். 300 பேரிடம் வினாப்பட்டியல், சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை, கேரெட் (Garrett) தரவரிசை என்று தலைப்பு மாறினாலும் அதே அச்சாக இருந்தால், அங்கே உங்கள் கேள்விக்கு இடமில்லை. பிறகு இப்போது அவரிடம் இருக்கும் ஆய்வாளர்களிடம் பேசுங்கள்: மாதம் எத்தனை முறை பார்க்கிறார், எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார். ஓர் உதவிப் பேராசிரியர் 4 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், பேராசிரியர் 8 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஆகவே இடம் காலியா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்பதில் தவறில்லை.

இப்போது தலைப்பு. உங்கள் கடிதத்தில் அம்மாவின் வேலையைக் குடும்பச் சுமையைச் சொல்லும்போது மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் ஆய்வு என்று எனக்குத் தோன்றுகிறது. மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியை எடுத்து, ஆங்கிலப் பதிப்பின் இயல் எண்படி 21-ஆம் இயலைப் படியுங்கள். உருப்படிக் கூலி, அதாவது செய்த எண்ணிக்கைக்குத் தரும் கூலி பற்றியது. அடுத்து 15-ஆம் இயலின் 8-ஆம் பகுதி. வீட்டுத் தொழில் அங்கே வருகிறது. பிறகு 25-ஆம் இயலின் 4-ஆம் பகுதியில், தேங்கிக் கிடக்கும் உபரி உழைப்பாளர் கூட்டத்துக்கு முதன்மை வடிவமாக வீட்டுத் தொழிலையே மார்க்ஸ் காட்டுகிறார். தியாகுவின் தமிழாக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். 1867-இல் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களுக்கும் முக்கூடல் பீடிக்கடைக்கும் நடுவில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதே ஒரு நல்ல ஆய்வேட்டின் தொடக்கம். எந்திரம் வந்தால் வீட்டுத் தொழில் அழியும் என்ற எதிர்பார்ப்பு இங்கே ஏன் இத்தனை தலைமுறை பொய்த்தது? 1966-இல் பீடித் தொழிலாளருக்கென்றே சட்டம் வந்த பிறகும் வேலை ஏன் வீட்டுத் திண்ணையிலேயே தங்கியது? ஆண்கள் வெளியூர் போய்விட, வயல் வேலையும் பீடித்தட்டும் ஒரே பெண்ணின் மடியில் எப்படிச் சேர்ந்தன?

களத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று ஊர்களை எடுங்கள்: ஆற்றுப் பாசன ஊர் ஒன்று, மானாவாரி ஊர் ஒன்று, பெரிய பீடிக்கடை உள்ள ஊர் ஒன்று. மாதிரி எடுக்கும் முன் ஒவ்வொரு ஊரிலும் எல்லா வீட்டையும் ஒரு பக்கப் படிவத்தில் பட்டியலிடுங்கள். நிலம், தொழில், பீடி சுற்றுபவர் எத்தனை பேர், அவ்வளவு போதும். இதைத் தவிர்த்துவிட்டுத் தெரிந்த வீடுகளுக்குப் போவதுதான் பெரும்பாலான ஆய்வேடுகளின் முதல் ஓட்டை. பிறகு அந்தப் பட்டியலிலிருந்து நிலமுள்ள, நிலமற்ற பிரிவுகளாகக் குலுக்கி ஊருக்கு 30 வீடு எடுக்கலாம். கார் பருவத்தில் ஒருமுறை, பிசானத்தில் ஒருமுறை, வயல் வேலை இல்லாத கோடையில் ஒருமுறை என்று அதே வீட்டுக்கு மூன்று தடவை போனால்தான் நாற்று நடவும் அறுப்பும் பீடி எண்ணிக்கையை எப்படி மாற்றுகின்றன என்பது பிடிபடும்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சுற்றுவீங்க?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள். நேற்று எழுந்தது முதல் தூங்கியது வரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் வந்த நேரம், பள்ளிக்கூட மணி, சீரியல் நேரம் இவற்றை அடையாளமாக வைத்துக் கணக்கிடுங்கள். இலையை நனைப்பது, வெட்டுவது, சுருட்டுவது, நூல் கட்டுவது, தட்டைக் கடைக்குக் கொண்டுபோவது, அங்கே வரிசையில் காத்திருப்பது எல்லாம் உழைப்பு நேரமே. மகள் இலை வெட்டிக் கொடுத்திருந்தால் அதுவும் சேர வேண்டும். ஒரே பெயரில், ஒரே பாஸ் புத்தகத்தில் இரண்டு மூன்று பேர் சுற்றுவது சாதாரணம். புத்தகத்தை நம்பினால் ஒருத்தியின் கூலி இரட்டிப்பாகத் தெரியும். இலை போதாமல் கைக்காசில் வாங்கியது, கழிவென்று ஒதுக்கப்பட்ட பீடி, ஆகியவற்றைக் கூலியிலிருந்து கழித்த பிறகுதான் உண்மையான மணிக்கூலி வரும்.

அதை வைத்து உபரி மதிப்பு வீதம், அதாவது கூலிக்கு மேல் உழைப்பாளி உருவாக்கும் மதிப்பு கூலியைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிடப் போகும்போது கை நடுங்க வேண்டும். ஒரு கட்டின் சில்லறை விலையை எடுத்து அதைக் கூலியால் வகுத்து "சுரண்டல் வீதம் இவ்வளவு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விலைக்குள் வரி இருக்கிறது, வியாபாரிகளின் பங்கு இருக்கிறது, இலை, புகையிலைச் செலவு இருக்கிறது, லேபிள், பண்டல் கட்டும் வேலை இருக்கிறது. ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டாவிட்டால் மாற்றுக் கருத்துள்ள தேர்வாளர் ஒரே கேள்வியில் இயலையே கவிழ்த்துவிடுவார். பிரித்துக் காட்டியபின் வீதம் குறைவாக வந்தாலும் அந்த எண் நிற்கும். தீவிரமான கேள்வி கேட்பவருக்குக் கணக்கு மற்றவர்களைவிடச் சுத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அம்மா கணக்கு வைத்திருக்கும் கடையைச் சேர்ந்த வீடுகளை ஆய்வில் எடுக்காதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி கணக்கப்பிள்ளை காதுக்குப் போனால் அம்மாவின் தட்டில்தான் கழிவு கூடும். ஊர்ப்பெயர், கம்பெனிப் பெயர், ஆள்பெயர் எதுவும் ஆய்வேட்டில் வேண்டாம்.

இப்படிச் சொந்தச் சீமையை ஆராய்வது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் கங்கைகொண்டானை நினைவூட்டுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களை ஆராய்ந்தபோது எடுத்த ஊர்களில் அது ஒன்று. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கே திரும்பிப் போனார்கள். 1980-களில் வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானை மீண்டும் ஆராய்ந்தார். இன்று அங்கே சிப்காட் வளாகம் நிற்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் பின்தொடரக்கூடிய ஓர் ஊர் நம் மாவட்டத்தில் இருக்கிறது. பீடி வேண்டாம் என்று தோன்றினால் அதை எடுங்கள்.

கணிதத்தில் நேரியல் இயற்கணிதம் கட்டாயம். ஸ்ராஃபாவைப் புரிந்துகொள்ள எதிர்மமற்ற அணிகளைப் பற்றிய பெரோன்–ஃப்ரோபீனியஸ் தேற்றம் வேண்டும். ஒவ்வொரு பொருளிலும் அடங்கிய உழைப்பைக் காண, அலகு அணியிலிருந்து உள்ளீட்டுக் குணக அணியைக் கழித்து, அதன் நேர்மாறை நேரடி உழைப்புக் குணகங்களால் பெருக்க வேண்டும். எழுதுவதற்கு இரண்டு வரி. இந்தியத் தரவில் செய்யும்போதுதான் வலி தெரியும். நம் உழைப்பாளர்களில் பாதிக்கு மேல் சுயதொழில் செய்பவர்கள். தேசியக் கணக்கில் அவர்கள் வருமானம் 'கலப்பு வருமானம்' என்று கூலியும் லாபமும் சேர்ந்தே கிடக்கிறது. அதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உபரி வீதம் தலைகீழாகும். பிரித்த முறையை வெளிப்படையாக எழுதி, இன்னொரு முறையில் பிரித்தால் என்ன வரும் என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள். அதோடு 1961-இல் ஜப்பானியப் பொருளியலாளர் ஒகிஷியோ நிறுவிய தேற்றத்தை, அதாவது உண்மைக் கூலி மாறாதிருக்கும்போது செலவைக் குறைக்கும் தொழில்நுட்பம் லாப வீதத்தைக் குறைக்காது என்பதை, நிரூபணத்தோடு போட்டுப் பாருங்கள். லாப வீதம் வீழும் என்ற மார்க்ஸின் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான வாதம் அது. அதைத் தெரியாமல் மார்க்ஸை ஆதரிப்பது பலவீனம்.

தேசிய மாதிரி ஆய்வின் வீட்டளவுத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆர் என்ற மென்பொருளும் இலவசம். பி.எல்.எஃப்.எஸ். எனும் உழைப்பாளர் ஆய்வுத் தரவை எடுத்தால் பெருக்கியை, அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் மக்களில் எத்தனை பேருக்கு நிகர் என்று காட்டும் எண்ணை மறக்காதீர்கள். 2017-18 முதல் 2023-24 வரையான சுற்றுகளில் கோப்பில் என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்று இருக்கும் இரண்டு எண்களும் சமமாக இருந்தால் பெருக்கியை 100-ஆல், இல்லையென்றால் 200-ஆல் வகுத்து, ஆண்டுக் கணக்குக்கு மேலும் காலாண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மொத்த மக்கள்தொகை நாட்டு மக்கள்தொகையைப் போல நான்கு மடங்கு வந்தால் இந்தக் கடைசி வகுத்தலை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தச் சுற்றுகளை வைத்து நெல்லை மாவட்டத்துக்கென்று தனியாக எண் சொல்லாதீர்கள். மாதிரி அவ்வளவு தாங்காது.

வெளியீட்டில் அவசரம் வேண்டாம். மூன்று நாளில் ஏற்பு, கட்டணம் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்கள் உங்கள் பெயரைத்தான் கெடுக்கும். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதியையும் சரிபாருங்கள். முதலில் ஒரு மதிப்புரை. பிறகு களத்தரவோடு எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லிக்கோ ரிவ்யூ ஆஃப் அக்ரேரியன் ஸ்டடீஸுக்கோ ஒரு கட்டுரை. இரண்டும் பணம் கேட்பதில்லை. கோட்பாட்டுக் கட்டுரையைக் கடைசியாக வையுங்கள். வெளிநாட்டு இதழ்களுக்கு வகைப்பாட்டுக் குறியீடு கொடுக்கும்போது மார்க்சியத்துக்கான பி51 மட்டும் போட்டால் சின்ன வட்டத்துக்குள் நின்றுவிடும். முறைசாரா உழைப்புச் சந்தைக்கான ஜே46-ஐயும் சேருங்கள். தன்விவரக் குறிப்பிலும் "தொழிலாளர் பொருளியல், வளர்ச்சிப் பொருளியல், அரசியல் பொருளாதாரம்" என்ற வரிசையில் எழுதலாம். மூன்றுமே உண்மை.

நேர்காணலில் "நீங்க மார்க்சிஸ்டா?" என்று கேட்பார்கள். ஒளிக்கவும் வேண்டாம், சொற்பொழிவும் வேண்டாம். "உருப்படிக் கூலியில் வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது என் கேள்வி, அதற்கு மார்க்ஸின் விளக்கமும் பேரம்பேசும் கோட்பாட்டின் விளக்கமும் உண்டு, என் தரவு இந்த இடத்தில் முதலாவதோடும் இந்த இடத்தில் இரண்டாவதோடும் ஒத்துப்போகிறது" என்று சொல்லிப் பழகுங்கள்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும், பி.எச்.டி. கட்டாயமில்லை என்பது யு.ஜி.சி. விதி. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. ஆனால் நிரந்தர இடங்கள் எப்போதாவதுதான் நிரப்பப்படுகின்றன. இடைப்பட்ட காலத்துக்குக் கிராம ஆய்வுத் திட்டங்களில் ஆய்வு உதவியாளர் வேலை தேடுங்கள். சுயநிதிப் பிரிவில் வாரம் முழுக்க வகுப்பெடுப்பதைவிட உங்கள் ஆய்வுக்கு அது உதவும். சம்பளமும் பல இடங்களில் மோசமாக இராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஓ.பி.சி. சான்றுக்குரியவர் என்றால் அதற்கு விண்ணப்பம், நெட் பழைய வினாத்தாள் ஐந்து, மேலே சொன்ன 'மூலதனம்' பகுதிகள் மூன்றையும் படிக்கத் தொடங்குவது. மூன்று மாதத்தில் இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு ஒன்று எழுதிவிடலாம்: கேள்வி ஒரு பத்தி, ஏற்கெனவே சொல்லப்பட்டது ஒரு பத்தி, ஊர்களும் மாதிரியும் ஒரு பத்தி, எந்தத் தரவு கிடைத்தால் உங்கள் எண்ணம் தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்று ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். வழிகாட்டிகள் அதைத்தான் தேடிப் படிப்பார்கள். அந்தக் குறிப்பை இணைத்து, அவருடைய ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, பத்து வரிக்கு மேல் போகாமல் மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகு அடுத்தவருக்கு எழுதுங்கள்.